மூலநிரலைப் படித்தவர்கள்: வலை உருவாக்கும் தொழில் கற்கப்பட்ட வரலாறு

மருத்துவம், சட்டம், கட்டடப் பொறியியல் போன்ற தொழில்களுக்குக் கல்லூரியும் பாடத்திட்டமும் தேர்வும் உரிமமும் உண்டு. தச்சுக்கும் சிற்பத்துக்கும் ஆசானும் குலவழிப் பட்டறையும் இருந்தன. இணையதளங்களை ஆக்கும் தொழில், அதாவது இன்று வெப் டெவலப்பர் என்றும் வலை உருவாக்குநர் என்றும் அழைக்கப்படுவோரின் தொழில், இவ்விரண்டு ஏற்பாடுகளும் இல்லாமலே தோன்றி, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் உலகெங்கும் பரவியது. அதன் முதல் பத்தாண்டுகளில் அத்தொழிலுக்கு வந்தவர்களுள் மிகப் பலர், பிறர் ஆக்கிய பக்கங்களின் உள்ளமைப்பைத் திறந்து படித்தும், படித்ததைத் தம் கணினியில் மாற்றிப் பார்த்தும், பொழுதுபோக்காகத் தொடங்கியதை வாழ்வூதியமாக்கிக்கொண்டவர்கள். இது தற்செயலாக நேர்ந்ததன்று. வலையின் தொடக்க ஆண்டுகளில் எடுக்கப்பட்ட சில தொழில்நுட்ப முடிவுகளும் ஒரு சட்ட முடிவும் சேர்ந்தே இத்தகைய கல்வியைச் சாத்தியமாக்கின என்பதையும், அம்முடிவுகளின் பயன் காலப்போக்கில் தேய்ந்தபோது வலை உருவாக்குநர்களே மாற்று வழிகளை அமைத்துக்கொண்டார்கள் என்பதையும், தமிழில் வலைப்பக்கம் ஆக்க முனைந்தோர் இவற்றோடு வேறொரு கூடுதல் சுமையையும் சுமந்தார்கள் என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

ஜெனிவாவை அடுத்துள்ள செர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, ஆய்வுக்கூடத்தின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டம் ஒன்றை 1989 மார்ச்சில் முன்வைத்தார். 1990ஆம் ஆண்டின் இறுதிக்குள் நெக்ஸ்ட் என்ற கணினியில் முதல் வழங்கியையும், அதாவது கேட்பவர்க்குப் பக்கங்களை அனுப்பிவைக்கும் மென்பொருளையும், அப்பக்கங்களைப் பெற்றுத் திரையில் காட்டும் முதல் உலாவியையும் அவர் ஆக்கி முடித்தார். அந்த முதல் உலாவி பக்கங்களைக் காட்டுவதோடு, அவற்றை எழுதவும் திருத்தவும் உதவும் கருவியாகவும் இருந்தது. படிப்பவரும் எழுதுபவரும் வேறுவேறானவர்கள் என்ற எண்ணம் அவர் திட்டத்தில் இடம்பெறவே இல்லை. பின்னர் வந்த பெரும்பாலான உலாவிகள் எழுதும் வசதியைக் கைவிட்டன. அந்த இழப்புக்கு ஓரளவு ஈடு செய்யும்படியாக வேறொரு வசதி நிலைத்தது.

பக்கங்களை எழுதுவதற்கு அவர் வகுத்த எச்.டி.எம்.எல். என்பது ஒரு குறிமொழி. ஒரு வரி தலைப்பா, பத்தியா, பட்டியலின் உறுப்பா என்பதைக் கோண அடைப்புக்குள் இடும் குறிச்சொற்களால் அது சுட்டுகிறது. 1991இல் விவரிக்கப்பட்ட அதன் தொடக்க வடிவத்தில் இருபதுக்கும் குறைவான குறிச்சொற்களே இருந்தன; அவற்றுட் பலவும் செர்னில் முன்பே அச்சு ஆவணங்களுக்குப் பயன்பட்டுவந்த எஸ்.ஜி.எம்.எல். வகைக் குறிமொழியிலிருந்து எடுத்தவை. கற்போர்க்கு இதன் இரண்டு இயல்புகள் பெருந்துணையாயின. எச்.டி.எம்.எல். கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனதாகையால், விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவுமின்றி, கணினியோடு வரும் எளிய எழுதுகருவியிலேயே அதைத் திறக்கவும் மாற்றவும் முடிந்தது. மேலும், தனக்குப் புரியாத குறிச்சொல்லைக் கண்டால் உலாவி அதைப் புறக்கணித்துவிட்டு மீதியைக் காட்ட வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே பின்பற்றப்பட்ட நெறி. சி, பாஸ்கல் போன்ற நிரல் மொழிகளில் ஒரு நிறுத்தற்குறி தவறினாலும் நிரல் இயங்காது நின்றுவிடும், எச்.டி.எம்.எல். எழுதத் தொடங்கியவரோ பாதி தவறாக எழுதினாலும் பாதி சரியான பக்கத்தைத் திரையில் கண்டார். முதல் மாலைப்பொழுதிலேயே பலன் தெரிந்த காரணத்தால்தான், கணினி அறிவியல் படிக்காத இயற்பியல் மாணவர்களும் நூலகர்களும் அச்சு வடிவமைப்பாளர்களும் இதில் துணிந்து கை வைத்தார்கள்.

சட்ட முடிவு 1993 ஏப்ரல் 30ஆம் நாள் எடுக்கப்பட்டது. வலைக்கான அடிப்படை மென்பொருளின் மீது தனக்கிருந்த உரிமைகளை விட்டுக்கொடுத்து, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் பரப்பவும் செய்யலாம் என்று செர்ன் அன்று அறிவித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், வலையைவிட அப்போது மிகுதியாகப் புழங்கிய கோஃபர் என்ற தகவல் முறையை ஆக்கிய மினசோட்டா பல்கலைக்கழகம், அதன் வழங்கி மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாகச் சொல்லியிருந்தது. கட்டண அச்சம் கோஃபரிலிருந்து பலரை விலக்கியது. கட்டணமின்மை அவர்களை வலையின் பக்கம் சேர்த்தது. ஒரு தொழிலைக் கற்பதற்கு அதன் கருவி இலவசமாகக் கிடைப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இந்த ஓராண்டு நிகழ்ச்சிகளைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

அதே 1993இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மீத்திறன் கணிப்பு மையத்தில் மார்க் ஆண்ட்ரீசன், எரிக் பினா ஆகியோர் மொசைக் என்ற உலாவியை வெளியிட்டார்கள். எழுத்துகளுக்கு இடையிலேயே படத்தைக் காட்டிய காரணத்தால் மொசைக் புகழ்பெற்றது. எனினும், கல்வி வரலாற்றின் நோக்கில் அதனினும் முக்கியமானது அதன் பட்டியலில் இருந்த வியூ சோர்ஸ் என்ற கட்டளை. திரையிலுள்ள பக்கத்தின் மூலநிரலை, அதாவது ஆக்கியவர் எழுதிய குறிச்சொற்களை அப்படியே, அக்கட்டளை தனிச் சாளரத்தில் திறந்துகாட்டியது. நல்ல நெசவாளி பிறர் நெய்த புடவையின் பின்பக்கத்தைத் திருப்பி இழையோட்டத்தைக் கண்டுகொள்வது போல, ஒரு பக்கத்தின் அமைப்பை வியந்தவர் அடுத்த நொடியே அது எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதையும் பார்க்கலாம். பிறகு அதைத் தம் கணினியில் சேமித்து, சொற்களையும் எண்களையும் மாற்றி, உலாவியில் மீண்டும் திறந்து, எந்த மாற்றம் எதை விளைவித்தது என்று கண்டறியலாம். நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் முதலிய உலாவிகள் எல்லாமே இந்த வசதியைத் தொடர்ந்தன. ஒரு தொழிலின் விளைபொருள் ஒவ்வொன்றும் தன் செய்முறையைத் தன்னோடு சுமந்துகொண்டே வாடிக்கையாளரிடம் சென்றது தொழில்களின் வரலாற்றில் மிக அரிதான நிலையாகும்.

இக்கல்விக்குப் பயிற்சிக்களமாக அமைந்தவை தனிமனிதர்களின் விருப்பப் பக்கங்கள். டேவிட் போனட் 1994இல் தொடங்கிய நிறுவனம் பின்பு ஜியோசிட்டீஸ் என்ற பெயர் பெற்றது. கேட்டவர்க்கெல்லாம் அது இலவசமாகச் சில மெகாபைட் இடம் கொடுத்தது. அந்த இடங்கள் நகரின் பேட்டைகள் போல வகுக்கப்பட்டிருந்தன: திரைப்பட ஆர்வலர்க்கு ஹாலிவுட், அறிவியல் புனைகதை ஆர்வலர்க்கு ஏரியா 51, இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் ஏதென்ஸ். ஒருவர் தமக்குப் பிடித்த பாடகரைப் பற்றியோ வளர்ப்புப் பிராணியைப் பற்றியோ பக்கம் ஆக்கும்போது, படத்தின் அளவைக் குறைப்பது எப்படி, இணைப்பு முறிந்தால் கண்டுபிடிப்பது எப்படி, பத்துப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பை அமைப்பது எப்படி என்பனவற்றைத் தாமாகவே தேடிக் கற்க நேர்ந்தது. பாடத்துக்காக இல்லாமல் பொருளின் மீதுள்ள பற்றுக்காகக் கற்றதால், அந்த அறிவு அவர்களிடம் ஆழமாக நின்றது. நிறுவனங்களுக்கு 1996, 1997ஆம் ஆண்டுகளில் இணையதளம் தேவைப்பட்டபோது, அவ்வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆர்வலர்களாகவே இருந்தார்கள். 1999இல் ஜியோசிட்டீஸை வாங்கிய யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் அதை மூடியது; தன்னார்வ ஆவணக் குழுக்களும் புரூஸ்டர் கேல் 1996இல் நிறுவிய இன்டர்நெட் ஆர்கைவும் இறுதி மாதங்களில் படியெடுத்துக் காத்தவை போக மீதி அழிந்தது. ஒரு தொழிலின் முதல் தலைமுறை மாணவர்கள் எழுதிப் பழகிய ஏடுகள் அவை என்பதை எண்ணும்போது, அந்த அழிவு வரலாற்றாய்வுக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.

பார்த்துப் படித்துப் படியெடுக்கும் கல்வியில் நல்லவை பரவும் வேகத்திலேயே தீயவையும் பரவின. எச்.டி.எம்.எல். பொருளமைப்பைச் சொல்லவே ஏற்பட்டது. நிறத்தையும் இடைவெளியையும் பத்தியின் அகலத்தையும் கட்டுப்படுத்த அதில் வழி இல்லை. புள்ளிவிவரங்களைக் காட்டுவதற்கென்று 1995 வாக்கில் உலாவிகளில் சேர்ந்த அட்டவணைக் குறிச்சொல்லை வடிவமைப்பாளர்கள் பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் சட்டகமாகப் பயன்படுத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தை வேண்டிய அளவுக்கு நீட்டி வெற்றிடம் உண்டாக்கும் உத்தியை டேவிட் சீகல் 1996இல் வெளியிட்ட நூல் பரவலாக்கியது. அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் மற்றோர் அட்டவணை என்று வளர்ந்த மூலநிரலை அடுத்தவர் படித்துப் பின்பற்ற, சில ஆண்டுகளில் அதுவே தொழிலின் பொதுவழக்கமாயிற்று. இதற்கான சரியான தீர்வு முன்பே முன்மொழியப்பட்டிருந்தது என்பது வியப்புக்குரியது: தோற்றத்தை விவரிக்கும் விதிகளைத் தனியே எழுதிவைக்கும் சி.எஸ்.எஸ். என்ற பாணித்தாள் மொழியை ஹோகன் வியும் லீ 1994 அக்டோபரில் முன்வைத்தார். பெர்ட் போஸுடன் சேர்ந்து அவர் செப்பனிட்ட முதல் வடிவம் 1996 டிசம்பரில் பரிந்துரையாக வெளியாயிற்று. ஆனால் உலாவிகள் அதை அரைகுறையாகவும் ஒன்றுக்கொன்று முரணாகவும் செயல்படுத்தின.

1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நான்காம் பதிப்பும் போட்டியின் வேகத்தில் தத்தமக்கே உரிய வசதிகளைச் சேர்த்துக்கொண்டமையால், ஒரே பக்கத்தை இரண்டு முறை எழுத வேண்டிய நிலை ஏற்பட்டது. அக்காலத்து வலை உருவாக்குநரின் அன்றாடக் கல்வியில் பெரும்பகுதி எந்த உலாவி எந்த இடத்தில் எவ்வாறு பிழைபடும் என்பதை மனப்பாடம் செய்வதாகவே கழிந்தது. அத்தகைய அறிவு அடுத்த பதிப்பு வந்ததும் பயனற்றுப்போகும். இதற்கு எதிராக ஜெஃப்ரி செல்ட்மேன் முதலியோர் 1998இல் வெப் ஸ்டாண்டர்ட்ஸ் பிராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, பொதுத் தரநிலைகளை ஏற்குமாறு உலாவி நிறுவனங்களை வற்புறுத்தினார்கள். தொழில் செய்வோர் ஒன்றுகூடித் தம் கருவிகளை ஆக்கும் பெருநிறுவனங்களிடம் ஒழுங்கைக் கேட்டுப் பெற்ற இந்நிகழ்ச்சி, சங்கமோ பட்டமோ இல்லாத ஒரு கூட்டம் தன்னைத் தொழில்வகுப்பாக உணர்ந்த தருணம் எனலாம்.

நிரல் எழுதும் பகுதியும் இதே வழியில்தான் கற்கப்பட்டது. பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில் பத்து நாட்களில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட், உலாவிக்குள்ளேயே இயங்கும் நிரல் மொழி. எழுதிய நிரல் பக்கத்தோடு சேர்ந்தே பயனரிடம் வருவதால் அதையும் மூலநிரல் சாளரத்தில் படிக்க முடிந்தது. சுட்டியை வைத்ததும் படம் மாறுவது, சாளரத்தின் கீழ்ப்பட்டையில் எழுத்துகள் ஓடுவது போன்ற சிறுநிரல்கள், எழுதியவரின் பெயர்க்குறிப்போடும் அது இல்லாமலும், ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குப் படியெடுக்கப்பட்டன. மொழியின் இயல்பை முழுதும் உணராமலே பலர் அதைக் கையாண்டார்கள். ஜாவாஸ்கிரிப்ட் விளையாட்டு மொழி என்ற தவறான எண்ணம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். வழங்கியில் இயங்கும் பி.எச்.பி. மொழியோ, ராஸ்மஸ் லெர்டார்ஃப் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதி 1995 ஜூனில் பொதுவில் வைத்த சிறு கருவிகளிலிருந்து வளர்ந்தது. வழங்கியில் இயங்குவதன் மூலநிரல் பயனரிடம் வராது என்பதால், அதன் கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பயனர்கள் சேர்த்த குறிப்புகளே அங்கு ஆசானாக விளங்கின.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15இல் வி.எஸ்.என்.எல். நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. குறைந்த கட்டணத்தில் மாணவர்க்குக் கிடைத்த இணைப்பு படங்களைக் காட்டாத, எழுத்து மட்டுமே தெரியும் வகையைச் சேர்ந்தது. தனியார் இணைய நிறுவனங்களுக்கு 1998இன் இறுதியில் அனுமதி கிடைத்த பின்னரே தமிழகத்து ஊர்களில் பிரவுசிங் சென்டர்கள் பெருகின. மணிக் கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த அவ்விடங்களில், பக்கங்களை ஃப்ளாப்பி வட்டில் சேமித்துக்கொண்டு வீட்டிலோ கல்லூரி ஆய்வகத்திலோ மூலநிரலைப் பொறுமையாகப் படிப்பது கற்போரின் வழக்கமாயிற்று. கணினிப் பயிற்சி நிறுவனங்கள் எச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைப் பாடமாக்கிச் சான்றிதழ் கொடுத்தன. எனினும் பாடநூல் ஓராண்டு பழமையானாலே காலாவதியாகிவிடும் துறையில், சேமித்த பக்கங்களைப் படித்தவர்களே முன்னே சென்றார்கள்.

தமிழில் பக்கம் ஆக்க விரும்பியவர்க்கோ அந்த வழியும் அடைபட்டிருந்தது. ஆங்கிலப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் ஆங்கிலம் தெரியும். அக்காலத் தமிழ்ப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளும் விசித்திரக் குறிகளுமே தெரியும். கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடே குறியேற்றம் எனப்படும். தமிழுக்கெனப் பொதுக் குறியேற்றம் புழக்கத்தில் இல்லாமையால், உரோமன் எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துருக்களையே ஒவ்வொருவரும் பயன்படுத்தினார்கள். சிங்கப்பூர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி, 1995 அக்டோபரிலேயே தமிழை வலைப்பக்கத்தில் ஏற்றிக் காட்டினார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களிலிருந்து வளர்த்த முரசு மென்பொருளும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் ஆக்கி இலவசமாகக் கொடுத்த மயிலை எழுத்துருவும் பலருக்கு முதல் கருவிகளாயின. வேதியியலாளர் எழுத்துரு ஆக்கியதும், அதே அறிஞர் 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின்கீழ்ப் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர்கள் பண்டை இலக்கியங்களைத் தட்டச்சு செய்து வலையேற்றியதும், இத்துறையில் விருப்பப்பணி எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் காட்டும்.

ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டமையால், படிப்பவர் தளத்துக்கொரு எழுத்துருவைத் தம் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் முறையை 1997இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஒரு வடிவத்திலும் நெட்ஸ்கேப் வேறொரு வடிவத்திலும் அறிமுகப்படுத்தின. ஆகவே இரு உலாவிகளுக்கும் பக்கம் ஆக்கிய தமிழ் வலை உருவாக்குநர் இரண்டு எழுத்துருக் கோப்புகளைத் தயாரிக்கக் கற்றார். உலாவி தானாக ஒரு குறியேற்றத்தை ஊகித்து எழுத்துகளைச் சிதைத்துவிடாதபடி, பயனர் வரையறுத்த குறியேற்றம் என்ற அறிவிப்பைப் பக்கத்தின் தலையில் இடும் வழக்கமும் பரவியது. பிறநாட்டு வலை உருவாக்குநர் பலர் தம் பணிக்காலம் முழுதும் குறியேற்றத்தைப் பற்றி எண்ணாமலே இருந்துவிட முடிந்த அந்நாளில், தமிழர் முதல் பக்கத்தை ஆக்குவதற்கு முன்பே அதைக் கற்றாக வேண்டியிருந்தது.

இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தும் முயற்சிகள் இரண்டு திசைகளில் நடந்தன. பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய டிஸ்கி என்ற குறியேற்றம், 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கும் மறுபாதியைத் தமிழுக்கும் ஒதுக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பையும் ஏற்றது. அடுத்த ஆண்டு, இம்முயற்சிகளை ஒருங்கிணைக்க உத்தமம் என்ற பன்னாட்டு அமைப்பு தோன்றியது. இவற்றுக்கெல்லாம் முன்பே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே பட்டியலில் எண் கொடுக்கும் யூனிகோடு ஏற்பாட்டின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. டிஸ்கியில் ‘கொ’ என்ற எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில், ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று எண்களாகச் சேமிக்கப்படும். யூனிகோடில் அது ககரமும் ஒகரக் குறியும் என ஒலி வரிசையில் இரண்டு எண்களாக அமையும். சேமிப்பது ஒரு வரிசையிலும் காட்டுவது வேறொரு வரிசையிலும் இருப்பதால், எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் திறன் இயக்குதளத்துக்கு வேண்டும். அத்திறனும் லதா என்ற யூனிகோடு தமிழ் எழுத்துருவும் விண்டோஸ் 2000இல் வந்தன. அதன்பின் வந்த எக்ஸ்பியிலும் அவ்வசதியைத் தனியே இயக்க வேண்டியிருந்தமையால், பல பிரவுசிங் சென்டர்களில் யூனிகோடு பக்கங்கள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன.

இந்த இடைமாற்றக் காலத்தில், ஒரு குறியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்கு உரையை மாற்றித்தரும் சிறு பக்கங்களை ஆர்வலர்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதி இலவசமாக வைத்தார்கள். அவற்றின் நிரலும் பக்கத்திலேயே இருந்ததால் அதைப் படித்தவர்கள், இந்த எண்ணுக்கு இந்த எண் என்ற அட்டவணை, நீளமான தொடரை முதலில் மாற்றிக் குட்டையானதைப் பிறகு மாற்றும் முறை, கொம்பைப் பின்னுக்கு நகர்த்தும் விதி ஆகியவற்றைக் கற்றார்கள். உரைத்தொடர்களைக் கையாளும் நிரலாக்கத்தில் தமிழ் வலை உருவாக்குநர் பலர்க்கு முதற்பாடமாக அமைந்தவை இந்த மாற்றிகளே. யூனிகோடு பரவியபின் தமிழ்ப் பக்கத்தின் மூலநிரலிலும் தமிழ் எழுத்துகளே தெரிந்தன. தேடுபொறிகளும் அவற்றைப் படிக்கத் தொடங்கின.

உலக அளவில், தோற்றத்தைப் பொருளிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற தரநிலைக் கோரிக்கைக்கு உயிர்கொடுத்த நிகழ்ச்சி 2003 மே மாதத்தில் நேர்ந்தது. கனடாவின் வான்கூவர் நகரத்து வடிவமைப்பாளர் டேவ் ஷே, சி.எஸ்.எஸ். சென் கார்டன் என்ற தளத்தை அந்த மாதம் வெளியிட்டார். அதில் எச்.டி.எம்.எல். கோப்பு ஒன்றே ஒன்று; அதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. பங்கேற்போர் சி.எஸ்.எஸ். கோப்பையும் படங்களையும் மட்டுமே புதிதாக எழுதி அனுப்பலாம். ஒரே உரை ஒரு பதிப்பில் பழைய சுவரொட்டி போலவும் மற்றொன்றில் கடலடிக் காட்சி போலவும் தோன்றுவதைக் கண்டபோது, அட்டவணைச் சட்டகங்களில் ஊறியவர்கள் பாணித்தாளின் ஆற்றலை முதன்முறையாக நம்பினார்கள். தரநிலையாளர்களின் ஐந்தாண்டுக் காலக் கட்டுரைகளும் கண்டனங்களும் சாதிக்காததை இந்த ஒரு பக்கம் சாதித்தது என்பது மிகையன்று. அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட வடிவங்களே இருநூறைத் தாண்டின. அவற்றின் பாணித்தாள்கள் யாவும் பதிவிறக்கிப் படிக்கத் தக்கவாறு திறந்தே இருந்தன. ஊதியம் எதுவுமின்றி, தொழில்நேரத்துக்கு வெளியே செய்யப்பட்ட ஆக்கங்கள் தொழிலின் நடைமுறையையே மாற்றிய இந்நிகழ்வு, விருப்பப்பணியின் வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது.

அடுத்த பெருமாற்றம் கருவியில் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் தொடக்கக் குழுவைச் சேர்ந்த ஜோ ஹெவிட் 2006 ஜனவரியில் ஃபயர்பக் என்ற துணைமென்பொருளை வெளியிட்டார். மூலநிரல் சாளரம் வழங்கி அனுப்பிய கோப்பையே காட்டும். ஃபயர்பக்கோ, நிரல்கள் இயங்கி மாற்றியபின் அந்நொடியில் உலாவியின் நினைவகத்தில் பக்கம் எவ்வாறு இருக்கிறது என்பதைக் காட்டியது. ஓர் உறுப்பின் மீது சொடுக்கினால் அதற்குப் பொருந்தும் பாணிவிதிகள் அனைத்தும், எந்த விதி எதை வென்றது என்ற விவரத்தோடு தெரியும். எண்ணை மாற்றினால் பக்கம் உடனே மாறும். சேமித்தல், திருத்தல், மீண்டும் திறத்தல் என்ற மூன்று படிகளும் ஒன்றாகச் சுருங்கின. இதே வசதி பின்னர் எல்லா உலாவிகளிலும் உள்ளமைந்த கருவியாகிவிட்டமையால் ஃபயர்பக் 2017இல் நிறுத்தப்பட்டது. அதே 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்ற நிரல் நூலகம் உலாவிகளின் முரண்பாடுகளைத் தன்னுள் மறைத்துக்கொண்டு, பிழைகளை மனப்பாடம் செய்யும் சுமையை இறக்கியது.

எனினும் பக்கங்கள் இக்காலத்திலேயே படிக்க முடியாதவையாக மாறத் தொடங்கின. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வலைப்பக்கம் முழுமையான மென்பொருளாக இயங்க முடியும் என்று காட்டியபின், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் பெருத்தன. அவை விரைவில் வந்துசேர்வதற்காக இடைவெளிகளையும் குறிப்புரைகளையும் நீக்கி, பெயர்களை ஓரெழுத்தாக்கிச் சுருக்கும் முறை வழக்கமாயிற்று. இன்று பெருந்தளம் ஒன்றின் மூலநிரலைத் திறப்பவர் காண்பது முடிவின்றி ஓடும் ஒற்றை வரியே. 2009இல் நோடு, அடுத்த ஆண்டு அதற்கான என்.பி.எம். தொகுப்புக் களஞ்சியம், 2013இல் ரியாக்ட் என்று தொடர்ந்த கருவிகள், எழுதும் நிரலுக்கும் பயனரை அடையும் நிரலுக்கும் இடையே பல படிநிலைகளை நுழைத்தன. 2016 மார்ச்சில், பதினொரு வரிகளே கொண்ட லெஃப்ட்பேட் என்ற சிறுதொகுப்பு களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டதும் உலகெங்கும் எண்ணற்ற திட்டங்கள் கட்டமைக்க முடியாமல் நின்றன. தாம் எதன் மேல் நிற்கிறோம் என்பதைப் படித்தறியாமலே தொழில் செய்யும் நிலை வந்துவிட்டதை அந்நிகழ்ச்சி வெளிப்படுத்தியது.

மறைந்துபோன வெளிப்படைத்தன்மையை வலை உருவாக்குநர்கள் வேறிடங்களில் மீண்டும் கட்டினார்கள். ஃபயர்ஃபாக்ஸை ஆக்கிய மோசில்லா 2005இல் தொடங்கிய எம்.டி.என். ஆவணத்தொகுப்பு ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் விதிக்கும் விளக்கம் எழுதியது. 2008இல் தோன்றிய கிட்ஹப், சுருக்கப்படாத மூலநிரலை அதன் திருத்த வரலாற்றோடு படிக்கத் தந்தது. அதே ஆண்டு வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, வேலையின் நடுவே எழும் ஐயங்களுக்கு விடைக்களஞ்சியமானது. 2012இல் வந்த கோட்பென், நிரலையும் அதன் விளைவையும் ஒரே திரையில் அருகருகே வைத்தது. 2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் முழுப் பாடத்திட்டத்தையே கட்டணமின்றிக் கொடுத்தது. பொதுவில் கிடக்கும் நிரலைப் பயின்று தாமே நிரல் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2021 முதல் இவ்வரிசையில் சேர்ந்துள்ளன. எழுதித் தருவதைக் கற்பவர் வரிவரியாகப் படித்து மாற்றிப் பார்க்கும் வரையில்தான் அவையும் கல்விக்கருவிகளாகும்.

தமிழில் பணியாற்றும் வலை உருவாக்குநருக்கு, குறியேற்றப் போராட்டம் ஓய்ந்தபின்னும் தனியே கற்க வேண்டியவை எஞ்சியுள்ளன. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால், இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்று விடை சொல்லும்; மூன்று என்று எண்ணத் தெரிந்த செக்மென்டர் என்ற வசதி 2020இல் குரோமில் வந்து, 2024 ஏப்ரலில்தான் ஃபயர்ஃபாக்ஸை எட்டியது. அகரவரிசையிலும் இதே சிக்கல் உண்டு. யூனிகோடு பட்டியலில் ரகரத்தை அடுத்து றகரமும், அதன்பின் ல, ள, ழ, வ என்பனவும் நிற்பதால், எளிய வரிசையாக்கக் கட்டளை மரம், மறம், மலர், மழை என்று அடுக்கிவிடும்; கொலேட்டர் என்ற வசதியிடம் மொழி தமிழ் என்று சொல்லி வரிசைப்படுத்தச் செய்தால் மரம், மலர், மழை, மறம் என்ற மரபு வரிசை கிடைக்கும். பொதுவான பாடநூல்களில் இவற்றுக்கு இடமிருப்பதில்லை. ஆகவே, தமிழ் அகராதியோ நூலகப் பட்டியலோ சொல்விளையாட்டோ ஆக்க முனைவோர் இவற்றை இன்றும் முன்னோடிகளின் திறந்த நிரல்களைப் படித்தே தெரிந்துகொள்கிறார்கள்.